வலப்பக்கம்

பற்றரி சுபைதாவின் ஓட்டோவில் கழற்றியது,
அஞ்சு மணிக்குள் திருப்பிப் பூட்டவேணும்.
நிலாவெளி உப்பு ஒரு கரண்டி, தண்ணீர்,
காதுக்குச்சிப் பஞ்சு.

சிவப்பு வயர் கத்திக்கு, கறுப்பு பஞ்சுக்கு.
முதல்நாள் மாறிக் கொடுத்தேன்;
கத்தி பளபளவென்று கிடந்தது,
கவ்விதான் கரைந்தது.

மெற்றில்டா என்று முழுதாக எழுத
லொறி வில்தகட்டில் எங்கே இடம்?
ஸ்டிக்கரில் ஒரு ‘ம’ வெட்டினேன்.
உரித்தபோது உள்வட்டத் துண்டும்
நகத்தோடு வந்துவிட்டது.
சரி, கண் மூடிய ‘ம’.

பஞ்சை வைத்தேன். மெல்லிய சீறல்,
பச்சை நுரை, மூக்கைக் கிள்ளும் நெடி.
இருபதுவரை எண்ணித் துடைத்தால்
கறுப்பாய் நிற்கிறது எழுத்து,
சுரண்டினாலும் போகாமல்.

சந்தையில் ஃபளீல்
கெலவல்லன் தலையை அதே கத்தியால் இறக்குகிறான்.
சுற்றிவர சனம்.
என் எழுத்தை ஒருவரும் காணவில்லை.
அவன் இடக்கையன்.
கேட்காமல் பொறித்துவிட்டேன்,
வலப்பக்கம்.

செதிளைப் பெருவிரலால் வழித்து
அவன் மட்டும் பார்க்கிறான் அதை,
நாளுக்கு முந்நூறு தரம்.

“மானாவுக்கு ஏன் கண்ணைப் பொத்தினீங்க?”

அரைக்கிலோ சூரை கேட்டேன்,
துண்டு சின்னதாக.