ஷேடு கார்டில் இல்லாத சிவப்பு

மூலக்கடையில் பெயிண்ட் கலக்குகிறவள் நான்.
ஒரு வெள்ளைக்குள் எத்தனை வெள்ளை என்று
கேட்டால் சொல்வேன்.

பங்குனியில் மிளகா வெளுத்தாள்.
கொளத்தூரில் வாங்கிய கார்ன் ஸ்னேக்.
காவி முதுகில் சாம்பல் படிந்து
கண்ணிரண்டும் நீர்மோராய் நீலம் பாரிக்க,
தலையணை உறையில் கட்டிக்கொண்டு
வேப்பேரிக்கு ஓடினேன்.
டாக்டர் பெனடிக்டா சிரித்தார்.
"சட்டை உரிக்கப்போறா.
ஈரத்துண்டு வை, தொந்தரவு பண்ணாதே."
நானூறு ரூபாய்.
எட்டாம் நாள்
மூக்கிலிருந்து வால்வரை ஒரே உருவல்.
உள்ளே அப்போதுதான் டப்பா திறந்த காவி.

ஐப்பசியில் மூன்று நாள் கரண்ட் இல்லை.
தொட்டியில் விரித்த பேப்பர் காயவே இல்லை.
அடிவயிற்றில் இளஞ்சிவப்பு.
நான்தான் எல்லாம் தெரிந்தவளாயிற்றே,
உரிக்கப்போகிறாள் என்றேன்.
ஈரத்துண்டு வேறு வைத்தேன்.

கண் தெளிவாகத்தான் இருந்தது,
துடைத்த மணி மாதிரி.
அது என்னைப் பார்த்தது. நான்
வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உரிக்கிறதுன்னா கண்ணும் மங்கணும்மா."
ஒரு செதிலை நிமிர்த்திக் காட்டினார் டாக்டர்.
அடியில் சீழ்.
இந்த முறை சிரிக்கவில்லை.

இப்போது காய்ந்த பேப்பர், இருவேளை மருந்து.
ஆறு செதில்கள் மட்டும்
பழுப்பிலேயே நின்றுவிட்டன.
எந்த எண்ணும் பொருந்தாத பழுப்பு.

இன்று ஒருவர் பெயர்ந்த சுவர்க்காரையைக் கொண்டுவந்து
இதே கலர் வேண்டும் என்கிறார்.
வாங்கி
முதலில் திருப்பிப் பார்க்கிறேன்,
பின்பக்கம் ஈரமா என்று.