வாய்தாப் பயிர்

மாதவரத்தில் எங்களுக்கு ஆறு கிரவுண்டு.
எங்களுக்கு என்றால்
எனக்கும் அண்ணன் ஞானமூர்த்திக்கும்,
அல்லது எனக்கு மட்டும்,
அல்லது அவனுக்கு மட்டும்.
பதினோரு வருடமாக சிட்டி சிவில் கோர்ட்
அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறது.

ஆனியில் ஒருநாள்
எல்லைக்கல் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.
கல் அதே இடத்தில் இருந்தது.
கல்லைச் சுற்றி முழங்கால் உயரம்
கம்பு.

தானாக முளைத்ததல்ல. பாத்தி, வாய்க்கால்,
பக்கத்து ஃப்ளாட்டிலிருந்து மதில் தாண்டி
ஒரு பச்சைக் குழாய்:
நாற்பது வீட்டு ஆர்.ஓ. மெஷின்கள்
குடிக்க ஆகாதென்று துப்பும் தண்ணீர்.
அந்த உப்பையும் குடித்து
கரும்பச்சையாய் நின்றது பயிர்.

யார் விட்டது உன்னை, என்றேன்.
கோட்டீஸ்வரி அரிவாளைக் கீழே வைக்கவில்லை.
"நீங்கதான் சார், ரெண்டு பேரும்."

நாலு எருமை, ரெண்டு பசு அவளுக்கு.
போன வருஷம் கார்ப்பரேஷன் வண்டி
ரோட்டில் நின்ற சிவப்பியை ஏற்றிப் போனது.
அபராதம் கட்டி மீட்டு வந்தால்
வயிறு உப்பி அது படுத்துவிட்டது.
ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள்:
ஒரு கூடை கேரி பேக்,
கல்யாண பேனரில் பாதி மாப்பிள்ளை,
சார்ஜர் வயர்.
"ரோட்டுல இன்னா சார் கீது அதுக்குத் துன்ன?"

தையல் பிரித்த மறுநாள்
இரண்டு கிலோ விதை வாங்கி
எங்கள் வழக்கில் விதைத்திருக்கிறாள்.

சோளம் போட்டிருக்கலாமே என்றேன்,
ஏதாவது சொல்லவேண்டும் என்பதற்காக.
"சோளம் குருத்துல விஷம் வெச்சிக்கும் சார்.
மழை இல்லாம வாடி நின்னா
மேய்ஞ்ச மாடு அங்கியே சாயும்.
கம்புக்கு அந்தப் புத்தி இல்ல."

நாற்பத்தைந்து நாளில் ஓர் அறுப்பு.
கதிர் எட்டிப் பார்க்கும்போதே வெட்டிவிடவேண்டும்.
விட்டால் தட்டை விறைத்துப்போகும்,
எருமை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பும்.
ஒரு சாண் விட்டு அறுத்தால்
அடித்தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

டைரியை எடுத்துப் பார்த்தேன்.
எங்கள் வாய்தாவும் ஏறக்குறைய அப்படித்தான்.
வக்கீலுக்குக் காய்ச்சல்: முதல் அறுப்பு.
ஜட்ஜ் மாற்றல்: இரண்டாவது.
கட்டு தொலைந்து கிடைத்தது: மூன்றாவது,
அது கொஞ்சம் சன்னம்.
ஒரு தடவையும் கதிர் முற்றவில்லை,
இரண்டு பேருக்கும்.

வீட்டுக்குப் பால் வரத் தொடங்கியது.
அரை லிட்டர், காசு வாங்கமாட்டாள்.
கார்த்திகையில்தான் தெரிந்தது
அண்ணன் வீட்டுக்கும் அரை லிட்டர் போகிறது என்று.
அவனும் கல்லைப் பார்க்கப் போயிருக்கிறான்.
அவனும் வக்கீலிடம் சொல்லவில்லை.

தை மாதம் கமிஷனர் வந்தார்,
கோர்ட் அனுப்பிய இளம் வக்கீல்,
வெள்ளை ஷூ.
அறுத்துப் பத்து நாள் ஆன தூர்களைத்
தாண்டித் தாண்டி நடந்தார்.
கோட்டீஸ்வரி மதிலுக்கு அந்தப்பக்கம்
எருமையோடு எருமையாய் நின்றாள்.
அறிக்கையில் எழுதினார்:
'தாவா மனை காலியாக உள்ளது.
புல் மண்டிக் கிடக்கிறது.'

ஆட்சேபணை உண்டா என்று கேட்டது கோர்ட்.
எனக்கு நாக்கு நுனிவரை வந்தது.
புல் இல்லை ஐயா, கம்பு.
ரெண்டடி இடைவெளியில் பாத்தி கட்டி,
மக்கிய சாணம் போட்டு,
கொத்துக் களை எடுத்து,
ஒரு பொம்பளை வளர்த்தது.
சொன்னால் அவள் ஆக்கிரமிப்பாளர்.

எதிர்ப்பக்கம் அண்ணனைப் பார்த்தேன்.
பதினோரு வருடத்தில் முதல் தடவையாக
அவனும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்சேபணை இல்லை, என்றார் என் வக்கீல்.
இல்லை, என்றார் அவன் வக்கீல்.

சாயந்தரம் போய்ச் சொன்னேன்,
உன் பயிரைப் புல் என்று எழுதிவிட்டார்கள்.
சிரிக்காமல் சொன்னாள்:
"எங்க வீட்டுக்காரர் பக்கம்
கம்மம்புல்லுனுதான் சார் சொல்லுவாங்க.
சரியாத்தான் எழுதிக்கீறாரு."

மூலையில், கல் ஓரம்,
விதைக்கென்று அறுக்காமல் விட்ட
ஒரே ஒரு சால்.
கதிரெல்லாம் கிளி.
விரட்டாமல் நின்றிருந்தோம்.
அடுத்த வாய்தா பங்குனி ஒன்பது.