நூத்தி நாலு

பேப்பரின் ஓரத்தில் சின்னக் கட்டம்:
வேலூர் 108, திருத்தணி 106.
வெயிலில் மட்டும் நமக்கு எப்போதும் முதலிடம்.
அந்தத் தாளில்தான் டப்பாவைச் சுற்றி
இரவுப் பணிக்கு எடுத்து வந்தேன்.

மூன்றாம் மாடி. குளிர்பெட்டியின் முனகல்.
மூக்கிலும் தொண்டையிலும் துடைத்த ஈரம்
ஒரு குழாயில் என் முன்னால் நிற்கிறது.
சீட்டில்: முனிரத்தினம், வயது 41, கே.வி.குப்பம்.
கறிக்கோழி லாரிக்குக் கூண்டு ஏற்றுபவர்.
காய்ச்சல் 104.

வார்டிலிருந்து சிஸ்டர் சலோமி போன் செய்கிறாள்.
"ரிசல்ட் எப்ப வரும்? அந்தம்மா
நெத்தியிலருந்து ஈரத்துணியை எடுக்கவே மாட்டேங்குது."

எடுக்கச் சொல்வதா, இருக்கட்டும் என்பதா?
காய்ச்சல் என்பது உடம்பே மூட்டிக்கொள்ளும் அடுப்பு.
நம்மிடையே சுற்றும் ஃப்ளூவுக்குச் சில்லென்ற மூக்குதான் ஊர்;
இரண்டு டிகிரி ஏற்றினால்
தன்னைப் படியெடுக்கும் அதன் கை தடுமாறும்.

வாத்தின் குடலில் வளர்ந்தது வேறு ஜாதி.
ஒரு கோழியின் சாதாரணச் செவ்வாய்க்கிழமை
106, சில வேளை 107.
அந்தச் சூட்டில் பிறந்ததை
அடுப்பைக் காட்டி மிரட்ட முடியுமா?
நாம் கொதிக்கிறோம்.
அதற்கு வீடு வந்துவிட்டது.

ஜன்னலைத் திறந்தால் இருட்டில் கோட்டை.
மதில், அகழி என்று உவமை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது.
வேண்டாம்.
கோட்டைக்கு வந்தவனுக்கு நோக்கம் இருந்தது.
இதற்கு அதுகூட இல்லை.

நம் செல்லுக்குள் ஒரு புரதம் காவல் இருக்கிறது,
எம்எக்ஸ்ஏ என்று பெயர்.
பறவையிலிருந்து வருவதைப் பெரும்பாலும்
சட்டையைப் பிடித்து நிறுத்திவிடும்.
கோடிப் பிரதிகளில் ஏதோ ஒன்று
சட்டையில் ஒரு தையல் மாறிப் பிறக்கிறது.
காவலின் விரல் வழுக்குகிறது.
சூழ்ச்சி இல்லை, வஞ்சம் இல்லை,
வெறும் எழுத்துப்பிழை.
(போன மாதம் குடியாத்தத்தில்
ஒரு 'த்' விட்டதற்கு
நான் வாங்கிய திட்டு!)

எந்திரத்தில் வைக்கிறேன்.
அதுவும் சூடேற்றி, ஆறவைத்து, சூடேற்றி
நாற்பது முறை கேட்டுத்தான் உண்மையை வாங்கும்.
ஆறிய தயிர்சாதம். ஊறுகாயை மறந்திருக்கிறேன்.

இரண்டே முக்காலுக்குக் கோடுகள் எழுகின்றன.
எச்-ஒன். மனிதரிடமிருந்து மனிதருக்கு வந்தது.
எச்-ஃபைவ் கோடு
தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது, கடைசிவரை.

சலோமியிடம் சொல்கிறேன்.
இந்த முறை அந்த அடுப்பு பலிக்கும்,
துணியை எடுத்துவிடலாம் என்றும்
சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.
அது அந்தம்மாவின் கை செய்யும் வேலை.
"கண்ணு முழிச்சதும் என்ன கேட்டாரு தெரியுமா?" என்கிறாள் சலோமி,
"வெள்ளிக்கெழம லோடுக்குப் போலாமான்னு."

விடிந்து, காட்பாடி பாலத்தில் நெரிசல்.
என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில்
கூண்டு கூண்டாக ஒரு லாரி வந்து நிற்கிறது.
ஈரமான சிறகு வாடை.
ஆயிரம் சின்ன உடம்புகளின் 107
ஹெல்மெட்டுக்குள் புகுந்து என் கன்னத்தில் படுகிறது.
மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

மணி எட்டுகூட ஆகவில்லை.
சிக்னல் இன்னும் சிவப்பு.