சட்டைக்குள் இன்னொரு சட்டை

ஷார்ஜாவிலிருந்து சாக்ஸுக்குள் சுருட்டிக் கொண்டுவந்திருந்தான்.
இங்கே விற்கத் தடை, தெரியும்தானே என்றேன்.
"விக்கலையேக்கா, ஊதத்தானே போறேன்" என்றான் மாதேசன்.
சிகரெட்டை விட்டு எழுபது நாளாம்.

பித்தளைக் குழாய். சாண் நீளம்கூட இல்லை.
கையில் வாங்கியதும் அந்தக் கனம் எனக்குப் பிடித்துவிட்டது,
பொய் சொல்ல மாட்டேன்.
மூன்றே துண்டு. திருகினால் பிரியும், திருகினால் சேரும்.
போர்டு இல்லை, சிப் இல்லை, ஃபியூஸ் இல்லை,
அடியில் ஒரு பொத்தான்.
அழுத்தினால் செல்லும் கம்பிச்சுருளும் தொட்டுக்கொள்ளும்,
விட்டால் விலகும். அவ்வளவுதான்.
சூரமங்கலம் கடையில் நாள் முழுக்க
ஸ்கூட்டர் பேட்டரிக்குப் பதினான்கு வயர் பிடுங்கி
பதினான்கு வயர் ஒட்டுகிறவளுக்கு
ஒரு பொருள் இவ்வளவு குறைவாய் இருப்பதே
தலைக்குக் குளித்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது.
நெருப்புக்கும் இவனுக்கும் நடுவே இருப்பது
ஒரு கட்டைவிரல்.

இன்னொரு செல் எங்கேடா என்றேன்.
பேண்ட் பையிலிருந்து எடுத்தான்:
வீட்டுச் சாவி, இரண்டு ஐந்து ரூபாய்க் காசு, அதோடு அது.
கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டே திட்டினேன்.
குழாயின் மூச்சுத் துளைகள் மூன்று.
ஒன்றில் பைப் பஞ்சு அடைத்திருந்தது.
ஊசியால் எடுத்தேன். சிரித்தான்.

ஞாயிறு, அவன் பைக்கில் ஏற்காடு.
பதினேழாவது கொண்டை ஊசியில் நிறுத்தினோம்.
கீழே சேலம், வெள்ளைக்கல் வெட்டிய கரடு மட்டும்
மாவு கொட்டின மாதிரி தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை.
மேகம் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது.
அவன் ஊதினான்.
எது மலையினுடையது எது அவனுடையது என்று
வாசனை வைத்துத்தான் சொல்ல முடிந்தது,
அவனுடையதில் மாம்பழம், அதுவும் எந்த ஊர் மாம்பழமோ.

நாலாவது இழுப்பில், "சுடுதுக்கா."

பிடுங்கினேன். மூடியைத் திருகி
துப்பட்டாவில் செல்லைக் கவிழ்த்து
கைப்பிடிச் சுவரின் மேல் வைத்துவிட்டு
அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.
பத்தடி தள்ளி நின்று பார்த்தோம்.
விரல் அளவு ஊதா நிறம், சுற்றிலும் பனி.
மக்காச்சோளம் சுடுகிறவர் எட்டிப்பார்த்தார்.
"என்னுங்க, வெடிகுண்டா?"
"டார்ச் செல்லுங்க" என்றேன்.
நம்பவில்லை. வண்டியை நகர்த்திக்கொண்டார்.

ஒன்றும் நடக்கவில்லை.
இருபது நிமிடம் ஒன்றும் நடக்காமல் இருப்பதை
அதற்கு முன் நான் அப்படிப் பார்த்ததில்லை.

ஆறினபின் நகத்தால் ஊதாச் சட்டையை உரித்தேன்.
முப்பத்தைந்து ஆம்பியர் என்று எழுதியிருந்த சட்டை.
உள்ளே பச்சைச் சட்டை. பழசு.
அதையும் உரித்துக் கவிழ்த்தால்
அடித்தகட்டில் இரண்டு புள்ளித் தழும்பு,
உப்புத்தாளால் தேய்த்தும் போகாதது.
லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்.
அந்தத் தழும்பு எனக்குத் தெரியும்.
நான் வைக்கிற வெல்டிங் அப்படித்தான் இருக்கும்.

"எப்படிக்கா கண்டுபிடிச்ச?"
சோளம் வாங்கிக் கொடுத்தேன். தின்றான்.
இறங்கும்போது குழாய் அவன் பையில் இருந்தது,
செல் இரண்டும் என்னிடம்,
தனித்தனி பிளாஸ்டிக் டப்பாவில்.
வளைவுக்கு வளைவு எண்ணிக்கொண்டே வந்தேன்.

திங்கள்கிழமை கஜேந்திரன் ஒரு ட்ரே கொண்டுவந்து வைத்தார்.
எண்பது செல். தழும்பு தேய்த்தாகிவிட்டது.
பக்கத்தில் ஊதாச் சட்டை, ஒரு ரோல்.
"மத்தியானத்துக்குள்ள முடிச்சிரும்மா."

வீட்டு வாடகை பத்தாம் தேதி.
ஹீட் கன்னைப் போட்டேன்.

சட்டை சுருங்கி ஒட்டுவதற்கு முன்
ஒவ்வொன்றின் உடம்பிலும்
மார்க்கரால் ஒரே சொல் எழுதினேன்,
உரித்தால் மட்டும் படிக்கக் கிடைக்கும்:
பழசு.
அறுபத்து மூன்று வரை எழுதினேன்.
பிறகு மார்க்கர் தீர்ந்துவிட்டது.