பொருள் விவரம்

சஹார் கார்கோ, மூன்றாவது ஷெட்.
பூச்சி சாகப் புகை போட்டு
இருபத்துநாலு மணி நேரம் கழித்துப்
பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.
ஆளுயரப் பலகை ஒன்று உள்ளே
மல்லாந்து படுத்திருந்தது.

"டால்" என்றார் ஆபீசர் தாம்லே.
தமிழில் எழுதிப் பார்த்தால்
பருப்பும் அதேதான், கேடயமும் அதேதான்.
சிரிக்கவில்லை. படிவம் காலியாக இருந்தது.

ஆயுதம் என்று எழுதினால் லைசென்ஸ் கேட்பார்கள்.
பழம்பொருள் என்றால் வயதுக்குச் சான்று.
அலங்காரச் சாமான், மரம், எண்ணிக்கை ஒன்று
என்று எழுதிவிட்டால் சாயங்காலத்துக்குள் போய்விடும்.
வொர்லியில் ஒரு வரவேற்பறைச் சுவர்
ஏற்கெனவே ஆணி அடித்து வைத்திருக்கிறது.

சதுப்புக்காட்டு மரத்தின் பலகைவேரில் செய்தது.
சிவப்புக்கு மண், வெள்ளைக்குச் சுட்ட சிப்பி,
கறுப்புக்குக் கரி.
பழந்தின்னி வௌவால்கள்
ஒன்றின் கீழ் ஒன்றாகச் சிறகு வளைத்துத் தொங்க,
உச்சியில் சின்னதாய் ஒரு மனிதன்
முழங்கையை முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தான்.
ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருப்பவன் மாதிரி.

கூட வந்த தாளில் ஒரு வரி:
இதன் பெயர் ஒமாஸ்.
செதுக்கியவன் பெயர் என்றுதான் நினைத்தேன்.
அடுத்த வரியில் இருந்தது,
செத்தவன் பெயராம்.
அஸ்மத் ஆட்கள் அந்தக் காலத்தில்
செத்தவன் பெயரைத்தான் கேடயத்துக்கு வைப்பார்களாம்.
அவன் கணக்கு இன்னும் தீரவில்லை என்று
பார்க்கும்போதெல்லாம் நினைவு வருவதற்காக.

எனக்கும் ஒரு கேடயம் தெரியும்.
தாராவியில், தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால்,
வருஷா வருஷம் மே மாதம் கபடி.
அமரர் சே. சுடலைக்கண் நினைவுச் சுழற்கேடயம்.
பிளைவுட்டில் தங்கத்தாள் ஒட்டி
நடுவில் பாஸ்போர்ட் சைஸில் என் தம்பி.
அவன் கபடி ஆடியதே இல்லை.
கேரம்தான். அதிலும் தோற்றால்
பவுடர் சரியில்லை என்பான்.

காட்கோபர், பதினோராவது மாடி, லிஃப்ட் குழி.
வாயில் குறுக்கே ஒரு பலகை வைத்திருக்க வேண்டும்.
வைக்கவில்லை.
எட்டு நாள் கூலி அப்போதே பாக்கி.

கேடயம் உபயம்: கான்ட்ராக்டர் ப. லிங்கதுரை.
தம்பி பெயரைவிட அந்த எழுத்து
ஒரு விரற்கடை பெரிசு.
மேடையில் அவரே எடுத்துக் கொடுத்தார்.
அம்மாவுக்குச் சால்வை போட்டார்கள்.
கூட்டம் கைதட்டியது.
நானும் தட்டினேன், அதைச் சொல்லத்தான் வேண்டும்,
கை வலிக்கத் தட்டினேன்.
பேரு நிக்குதுல்ல, அது போதும் என்றார்கள்.
அன்றோடு பேச்சு முடிந்தது.

பெட்டிக்குள் கைவிட்டு ஒமாஸைத் தூக்கி நிறுத்தினேன்.
கனம் நினைத்த அளவு இல்லை.
அகலத்தைச் சாணால் அளந்தேன்,
பிறகு உயரத்தை.
லிஃப்ட் குழி வாசலின் அளவு
போலீஸ் பஞ்சநாமாவில் இருக்கிறது, எனக்கு மனப்பாடம்.
குறுக்கே வைத்தால்
இரண்டு பக்கமும் நான்கு விரல் மிச்சம் தாங்கும்.

"படுக்க வையுங்க மேடம், விழுந்துடும்"
என்றான் லோடர் பையன்.

பொருள் விவரம் என்ற கட்டத்தில்
பலகை, ஒன்று, பெயர் ஒமாஸ் என்று எழுதினேன்.
பெயரெல்லாம் எதற்கு, அடியுங்கள் என்றார் தாம்லே.
அடிக்கவில்லை.
கீழே கடைசிக் கட்டம்:
நிலுவை ஏதும் உண்டா?
இல்லை என்று டிக் போடுவதுதான் வழக்கம்.
பதினாறு வருஷமாகப் பார்க்காமலே போட்டிருக்கிறேன்.

ஆறு மணி தாண்டினால்
டெமரேஜ் ஏறும் என்று
வெளியே டெம்போக்காரன் கத்தினான்.

பேனாவை மூடினேன்.
ஏறட்டும் என்றேன்.