பற்று நோட்டு

சார்ஜா, சஜா தொழிற்பேட்டை, பதினாலாம் கேம்ப்.
வாசலுக்கு எதிரே குஞ்ஞாலியின் பக்காலா.
கல்லாவுக்குப் பக்கத்தில் நூலில் தொங்கும்
பச்சை அட்டை நோட்டு.
அறை எண், பெயர், தயிர், குப்பூஸ், ரீசார்ஜ் கார்டு.
எங்கள் முந்நூறு பேரின் மாதக்கடைசி
அதற்குள்தான் இருந்தது.

நான் டைம்கீப்பர்.
ஏழு நிமிடம் பிந்தினால் அரைமணி வெட்டுவேன்.
காய்ச்சல் என்றால் சீட்டு கேட்பேன்.
வெள்ளி இரவுகளில்
பதினோராம் அறையில் கட்டில்களை ஒதுக்கிவிட்டுக்
கிருபையைப் பற்றிப் பேசுவதும் நான்தான்.
தகுதியில்லாதவனுக்குக் கிடைக்கிற தயவு என்பேன்.
தகுதியில்லாதவன் என்று சொல்லும்போது
என் கண் தானாகச் சவரிராயன் பக்கம் போகும்.
கவிழ்த்த தண்ணீர்க் கேன் மேல் அவன்,
பாதித் தூக்கத்தில்,
கழுத்தில் ஜெபமாலை, வாயில் பான்பராக் நாற்றம்.

நோன்பு மாதத்தின் இருபத்தேழாம் இரவு
வெள்ளைக் காரில் ஒருவர் வந்தாராம்.
இறங்கவே இல்லையாம்.
நோட்டைக் கேட்டு, மொத்தம் கூட்டச் சொல்லி,
எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனாராம்.
"பேரு?"
"கேட்டேன். கண்ணாடிய ஏத்திட்டாரு."

காலையில் என் பாக்கியோடு போனேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு திர்ஹம், மடிப்புக் கலையாமல்.
பதினோரு வருடத்தில் முதல் தேதி தவறாதவன்.
குஞ்ஞாலி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.
"ஒரு கடனுக்கு ரெண்டு தடவ வாங்குனா ஹராம், சேட்டா."
"என் கடனை நான்தான் அடைப்பேன்."
"ஏது கடன்?" என்றான்.
கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டான்.

நோட்டைப் புரட்டிக் காட்டினான்.
சவரிராயன், எட்டு மாதம்,
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
அவன் பக்கத்தின் மேல் போன கோடும்
என் பக்கத்தின் மேல் போன கோடும்
ஒரே நீளம். ஒரே சிவப்பு. அதே ஸ்கேல்.

பொய் சொல்ல விருப்பமில்லை:
நன்றி வரவில்லை எனக்கு, எரிச்சல்தான் வந்தது.
யாரென்று தெரிந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்,
மேலே பத்துத் திர்ஹம் வைத்து.
அதற்கு வழி வைக்காமல் போய்விட்டார்
அந்தப் புண்ணியவான்.

அன்றிரவு ஏசியின் உறுமலுக்குக் கீழே
கையில் செலவாகாத இருநூற்றுப் பன்னிரண்டோடு
விழித்துக் கிடந்தேன்.
இத்தனை வெள்ளிக்கிழமைகள்
இந்தச் சொல்லை வாயில் வைத்திருந்திருக்கிறேன்,
பல் வலிக்குக் கிராம்பு வைக்கிற மாதிரி.
விழுங்கியதே இல்லை.
என் ஆண்டவரே,
உம்மிடமும் முதல் தேதி தவறாமல்
கட்டிக்கொண்டிருப்பதாகவா நினைத்திருந்தேன்?

சமையல்கட்டில் வெளிச்சம்.
சவரிராயன் ஒரு தட்டு முட்டை வாங்கி வந்திருந்தான்.
புது நோட்டின் முதல் பக்கம், முதல் பெயர், அவனுடையது.
"மறுபடியும் கடனா?"
"ஆமாண்ணே. உக்காருங்க."
மிளகு தூக்கலாகப் போட்டிருந்தான்.
கண்ணில் தண்ணீர் வந்ததற்கு
அந்த மிளகைக் காரணமாகச் சொல்லலாம்.
இரண்டு முட்டை தின்றேன்.
எவ்வளவு ஆச்சு என்று கேட்க
நாக்கு நுனிவரை வந்தது.

விடிகாலை ஐந்தேகால், பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது.
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே
ஓடி வருகிறான் சவரிராயன்.
ஒன்பது நிமிடம்.
நான் வெட்டவில்லை.
வெட்டாவிட்டால் 'காரணம்' என்றொரு கட்டம் நிரப்ப வேண்டும்.
அதையும் காலியாக விட்டேன்.

மதியம் மேனேஜர் கேட்பார்.
என்ன சொல்வதென்று
இன்னும் தெரியவில்லை.