பிரிபடாத மூன்றில் ஒன்று

புதுக்கடையில் எனக்கு இருபத்திரண்டு வருஷம்.
நொத்தாரிசு அறையின் பின்மேசை,
மேலே ஒற்றை மின்விசிறி.
வேகமாய்ச் சுற்றினால் உறுதிகள் பறக்கும்,
பாதியில்தான் விடுவோம்.

தட்டச்சு என் வேலை.
ஆள் குறைந்தால் சாட்சியும் நான்தான்.
கிருலப்பனை, தெமட்டகொட, மட்டக்குளி,
வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகள்,
இந்த நகரத்தில் என் கையெழுத்து இல்லாத தெரு குறைவு.
எல்லாவற்றிலும் இடது பக்கம், கீழே.

ஜம்பட்டா வீதியில் அப்பா வாங்கியது
ஆறே கால் பேர்ச்.
துறைமுகத்தில் மூட்டை எண்ணி எண்ணி வாங்கியது.
மரணசாதனம் எழுதச் சொன்னேன்.
"எழுதினால் சாவு வரும்" என்றார்.
எழுதாமலும் வந்தது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து,
ரோல்ஸும் பிளேன்ரீயும் முடிந்து,
பெரியண்ணன் டொனேற் ஒரு ஃபைலை நீட்டினான்.
சின்னண்ணன் கிளமென்ற்
பேனா மூடியைக் கழற்றியே வைத்திருந்தான்.

நன்கொடை உறுதி. வேறு யாரோ அடித்தது.
மூன்று எழுத்துப் பிழை.
என் பெயரிலேயே ஒன்று:
எமிரென்சியாவுக்கு ஒரு கால் இல்லை.

'இயற்கையான அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு
மேற்சொன்ன சகோதரர்களுக்கு மீளாக் கொடையாக...'

இந்த வரி என் விரல்களுக்கு மனப்பாடம்.
எத்தனை பெண்களுக்கு அடித்திருப்பேன்,
முகங்கள் நினைவில்லை.
"இதில வையுங்கோ" என்று
புள்ளிக்கோட்டைக் காட்டியதும் இதே விரல்.

"உனக்குத்தானே நகை போட்டது" என்றான் பெரியவன்.
போட்டார்கள். ஒன்பது பவுண்.
கொச்சிக்கடை அடகுக்கடையில் அது மூழ்கித்தான்
அவன் கட்டாருக்குப் பறந்தான்.
சொல்லவில்லை.

"சட்டம் எங்களை விட உனக்குத் தெரியும்,"
சின்னவன் சிரித்தான்.
தெரியும்.
மூன்று பிள்ளைகள், மூன்று சமன் பங்கு.
ஆணென்றும் பெண்ணென்றும் அதில் ஒரு சொல் இல்லை.

பிரிபடாத மூன்றில் ஒன்று.
மேலறை உனக்கு, கீழறை எனக்கு என்பதல்ல அது.
செங்கல் ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒன்று.
குழாயில், அது இரவில் சொட்டும் சத்தத்தில்,
பதினாலு படியில், படிக்கட்டுக்குக் கீழே
பூனை குட்டி போடும் இருட்டில்,
கூரை ஒழுக்கில், ஒழுக்குக்கு அம்மா வைத்த சட்டியில்.
எங்கே நின்றாலும் என்னுடையதில் நிற்பேன்,
அவர்களுடையதிலும்.

பேனாவை மூடினேன்.
"எழுத்துப் பிழை இருக்கு. திருத்திக்கொண்டு வாறன்."
அன்றைக்கு என்னால் முடிந்த சண்டை அவ்வளவுதான்.

அடுத்த கிழமை
கேற்றில் புதுப் பூட்டு.

வியாழன் மதியம் குடையோடு வந்தாள்
பெரியண்ணி லெற்றீசியா.
உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்று
கைக்குட்டையில் முடிந்த ஒன்றைக் கையில் திணித்தாள்.
"ஐஞ்சு மணிக்குள்ள திருப்பித் தா."
இரண்டு படி இறங்கி,
திரும்பாமலே சொன்னாள்:
"நானும் வச்சனான். எங்கட நீர்கொழும்பு வீட்டுக்கு.
அண்டைக்கு அதை அடிச்சது நீதான்."

குடை விரிந்தது.
சனத்துக்குள் கலந்தது.

கெய்சர் வீதி நடைபாதையில்
திறப்பு வெட்டுகிறவர் கண்ணாடியை ஏற்றினார்.
"ஒண்டா, ரெண்டா?"
நான் பதில் யோசிக்கும் முன்பே அராவத் தொடங்கினார்.
பித்தளைத் தூள் என் சாரிக் கரையில்.
மூன்றில் ஒரு பல் வெட்டித் தரச் சொன்னால்
மனுஷன் என்ன நினைப்பார்?

மூன்றே முக்கால்.
இரண்டு திறப்பும் ஒரே நிறம், ஒரே நீளம்.
அண்ணியுடையதைத் திரும்பவும்
கைக்குட்டையில் முடியும்போது
எது என்னுடையது என்று
சூட்டில்தான் கண்டுபிடித்தேன்.